மர்யம் பூ விரியும், மூடவைப்பதுதான் வேலை

சிங்கப்பூரின் கேலாங் சிராய் சந்தையில் ஜாமு எனும் மலாய் நாட்டு மருந்து விற்கும் கடைகளிலும், கம்போங் கிளாம் பக்கம் அத்தரும் பேரீச்சம்பழமும் விற்கும் கடைகளிலும், பிளாஸ்டிக் பைக்குள் ஒரு காய்ந்த உருண்டையைப் பார்த்திருப்பீர்கள். இறுக்கி மூடிய கைமுஷ்டி அளவு, சுக்கின் நிறம். மலாய்க்காரர்கள் காஃப் பாத்திமா என்பார்கள். சங்குல் பாத்திமா, அதாவது பாத்திமாவின் கொண்டை என்றும் சொல்வதுண்டு. அரபியில் கஃப் மர்யம், மர்யமின் உள்ளங்கை. நம்மவர்கள் வாயில் மர்யம் பூ. உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போய் வருகிறவர்கள் ஜம்ஜம் தண்ணீரோடு இதையும் ஒன்றிரண்டு கொண்டுவந்து சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். வீட்டில் யாருக்காவது பிரசவ நாள் நெருங்கும்போது அலமாரியிலிருந்து இறங்கி ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் போகும். கொஞ்ச நேரத்தில் முஷ்டி தளரும், விரல்கள் விரியும்.

விரிவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அதற்கு யாருடைய உதவியும் தேவையில்லை, தண்ணீர் போதும். திரும்ப மூடவைப்பதுதான் இந்த ஊரில் வேலை. பாலைவனத்துக் காற்று சும்மா செய்துவிடும் காரியத்தை, விடியற்காலையில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் ஏறும் சிங்கப்பூரில் நாம்தான் செய்துதர வேண்டும். செய்யாதவர்கள் வீட்டில் அது மூன்றாம் நாளே பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போகிறது.

முதலில் அது என்ன என்று பார்த்துவிடலாம். பெயரில் பூ இருந்தாலும் பூ இல்லை. மலாய்க் கடைகளில் ‘அக்கார்’ என்று சேர்த்துச் சொல்வதால் வேர் என்று நினைப்பவர்களும் உண்டு, வேரும் இல்லை. வேரோடு பிடுங்கிய ஒரு முழுச் செடியின் எலும்புக்கூடு அது. அனஸ்டாட்டிகா ஹீரோகுண்டிகா என்று 1753இல் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் பெயர் வைத்தார். முதல் பாதி உயிர்த்தெழுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, இரண்டாம் பாதி எரிகோ நகரத்தைக் குறிப்பது. அந்தப் பேரினத்தில் இந்த ஒரு செடிதான் இருக்கிறது. மொராக்கோ தொடங்கி எகிப்து, சினாய், சாக்கடல் ஓரம், அரேபியா, தெற்கு ஈரான் வரை மழை அரிதாகப் பெய்யும் கற்பாங்கான தரைகளில் தானாக முளைக்கும்.

குடும்பம் கடுகுக் குடும்பம். தாளிக்கிற கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், ஈரச்சந்தையில் வாங்கும் கைலான், சாய் சிம் எல்லாம் இதன் உறவு. பூத்த கைலான் தண்டு ஒன்றை எடுத்து ஒரு பூவைப் பிரித்துப் பாருங்கள்: சிலுவைபோல நான்கு இதழ், உள்ளே மகரந்தத் தாள் ஆறு, நான்கு நெட்டை இரண்டு குட்டை. மர்யம் பூச்செடியின் பூவும் அதே கணக்குத்தான். ஆனால் வெள்ளை, மிகச் சிறியது, கிளையோடு ஒட்டினாற்போல் இருக்கும். இலை சாம்பல் பூத்த பச்சை. உருப்பெருக்கியில் வைத்தால் இலை முழுக்க நட்சத்திரம் நட்சத்திரமாக மயிர் தெரியும். வெயிலைத் திருப்பி அனுப்பவும் ஈரத்தைப் பிடித்துவைக்கவும் அது போட்டிருக்கும் சட்டை அது.

செடி ஒரு பருவம்தான் வாழும். குளிர்கால மழையில் முளைத்து, பூத்து, காய்த்து, வெயில் ஏறும்போது செத்துப்போகும். மழை எவ்வளவோ அவ்வளவுதான் உடம்பு. ஏமாற்றிய ஆண்டில் கட்டைவிரல் உயரத்தோடு நின்று ஒன்றிரண்டு காய் வைக்கும். வெள்ளம் வழிந்தோடித் தேங்கும் பள்ளத்தில் முளைத்தால் ஒரு சாண் அகலத்துக்குப் படர்ந்து நூற்றுக்கணக்கில் காய்க்கும். கடையில் விற்பது இந்த இரண்டாவது வகை. செத்து உலரும்போது கிளைகள் ஒவ்வொன்றாக உள்நோக்கி வளைந்து, காய்களை நடுவில் வைத்து மூடிக்கொள்ளும். ஆகவே தண்ணீரில் விரிவது உயிர் திரும்புவதல்ல. செத்த தாய் விதைக்குக் காவல் இருக்கிறாள், மழை வந்தால் கதவைத் திறக்கிறாள்.

அந்தக் கதவுக்கு இரண்டு பூட்டு. வெளிப்பூட்டு கிளைகள். உட்பூட்டைப் பார்க்க, விரிந்த உருண்டை ஒன்றின் கிளைக் கவட்டில் தேடுங்கள். மிளகைவிடச் சற்றுப் பெரிய கெட்டியான பொத்தான் ஒன்று ஒட்டியிருக்கும், அதுதான் காய். அதன் தலையில் இரண்டு பக்கமும் குட்டிக் கரண்டி போல இரண்டு காது நீட்டிக்கொண்டிருக்கும். விரல் நகத்தால் ஒரு காதை அழுத்துங்கள். ‘டக்’கென்று மூடி பிளக்கும். உள்ளே அறைக்கு இரண்டாக நான்கு விதை. பாலைவனத்தில் நகத்தின் வேலையை மழைத்துளி செய்கிறது. பனியோ தூறலோ கிளையைக் கொஞ்சம் தளர்த்தலாம், காயைத் திறக்காது. கனமான துளி கரண்டிக் காதில் நேராக விழுந்து அடித்தால்தான் மூடி பிளந்து விதை தெறிக்கும். ஒரு மழையில் எல்லாக் காயும் பிளந்துவிடாது, சில மட்டுமே. மிச்சம் அடுத்த மழைக்கு, அதற்கடுத்த ஆண்டுக்கு. மொத்த விதையையும் ஒரே மழையை நம்பிக் கொட்டி, அந்த மழை ஏமாற்றினால் வம்சமே போய்விடும் அல்லவா? அதனால் சேமிப்பைத் தவணை தவணையாக எடுக்கிறது. செத்த எலும்புக்கூடு ஆண்டுக்கணக்கில் வேரூன்றி நிற்கும்.

வேரூன்றி என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்த உருண்டை காற்றில் உருண்டு ஊர் ஊராகப் போய் விதை தூவும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பிய்ந்துபோன ஒன்றிரண்டு உருளலாம். பெரும்பாலானவை நின்ற இடத்திலேயே நின்று, தன் காலடியில்தான் விதைக்கின்றன. அதில் நியாயமும் இருக்கிறது: அம்மாவுக்குத் தண்ணீர் கிடைத்த பள்ளம், பிள்ளைக்கும் தண்ணீர் கிடைக்கக்கூடிய பள்ளம்.

தெறித்த விதை மண்ணில் விழுந்ததும் அதைச் சுற்றி வழவழவென்று ஒரு பசை ஊறும். பாலூடாவில் போடும் சப்ஜா விதை, மலாய்க்காரர்களின் பிஜி செலாசி, தண்ணீரில் எப்படிக் கண்ணாடிச் சட்டை போட்டுக்கொள்ளுமோ அதே மாதிரி, ஆனால் மெல்லிசாக. அந்தப் பசை விதையைச் சேற்றோடு ஒட்டவைக்கும், அடுத்து வரும் வெள்ளம் அடித்துக்கொண்டு போகாமல் பிடிக்கும். பிறகு தாமதமே கிடையாது. மண் காய்வதற்குள் வேர் இறங்கியாக வேண்டும் என்பதால் ஒரு நாளுக்குள்ளேயே முளைவிடும்.

கிளை எப்படி மடங்குகிறது? உயிருள்ள செல் எதற்கும் இதில் பங்கில்லை. கிளையின் உட்பக்கத் திசுவும் வெளிப்பக்கத் திசுவும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. காயும்போது உட்பக்கம் அதிகமாகச் சுருங்கும், கிளை உள்ளே வளையும். நனைந்தால் உட்பக்கம் உப்பி நீளும், கிளை நிமிரும். ஒரு பக்கம் மட்டும் ஈரமான அட்டை வளைவதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி. ஊரில் சின்னப் பிள்ளைகள் எச்சில் தொட்டு வெடிக்கவைக்கும் பட்டாசுக்காயும் ஈரத்தை வைத்தே வேலை செய்கிறது. இங்கேயும் புல்தரை ஓரங்களில் ஊதாப் பூவோடு களையாக முளைத்துக் கிடக்கும் செடிதான். பைன் மரக் கூம்பு இதற்கு நேர் எதிர், காய்ந்தால் விரியும், நனைந்தால் மூடும். உயிர் தேவைப்படாத இயந்திரம் என்பதால்தான் ஒரே மர்யம் பூவை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப விரிக்க முடிகிறது. பூசணம் தின்று திசு இற்றுப்போனால் மட்டும் இயந்திரம் நிற்கும்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு வார்த்தை. மர்யம் பூவுக்கு ஆங்கிலத்தில் ‘எரிகோ ரோஜா’ என்று பெயர். இணையத்தில் அப்படித் தேடினால் வருவதில் பாதி வேறு செடி. மெக்சிகோவின் சிவாவா பாலைவனத்தில் வளரும் செலாஜினெல்லா லெபிடோஃபில்லா அது. பூவே பூக்காத இனம், பெரணிக்குத் தூரத்து உறவு. தண்ணீரில் போட்டால் தட்டையாக விரிந்து நிஜமாகவே பச்சையாகும், ஏனென்றால் அது சாகவே இல்லை, உறங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவில் சஞ்சீவி என்று விற்பதும் செலாஜினெல்லா இனத்தில் ஒன்றுதான். (புக்கித் தீமா காட்டு நிழலில் நீலம் மினுங்கப் படர்ந்திருக்கும் மயில் பெரணியும் இதே கூட்டம். ஆனால் அந்த நோஞ்சான் ஒரு வார வறட்சியைக்கூடத் தாங்காது.) வித்தியாசம் சுலபம். செலாஜினெல்லாவின் கிளையில் பாம்புச் செதில் மாதிரி அடுக்கடுக்காகச் சின்ன இலை இருக்கும். மர்யம் பூவில் இலை இருக்காது. வெறும் குச்சி, குச்சியில் காது வைத்த பொத்தான். பச்சையாகும் என்று யாராவது மர்யம் பூவை விற்றால் அவருக்குச் செடி தெரியவில்லை என்று அர்த்தம்.

நல்ல உருண்டைக்கு அடியில் ஆணிவேர் ஒரு விரல் நீளமாவது இருக்கும். கிளை நுனிகள் உள்ளே இறுக மடங்கியிருக்கும். கடையிலேயே பாதி விரிந்து கிடந்தால் அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கிறது, வாங்காதீர்கள். முகர்ந்தால் காய்ந்த வைக்கோல் வாசம் வரலாம், ஈரத் துணி வாசம் வரக்கூடாது. பையின் அடியில் மாவு போலப் பொடி சேர்ந்திருந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது. அளவு பெரிதா என்பதைவிட, மெதுவாக ஆட்டும்போது காய் உதிர்கிறதா என்பதைப் பாருங்கள். உதிராதது நல்லது.

விரிக்கும் முறை. ஆறேழு சென்டிமீட்டர் உருண்டைக்கு அதைவிட இரண்டரை மடங்கு அகலமான கிண்ணம் வேண்டும். சின்னக் கிண்ணத்தில் கிளை சுவரில் முட்டி ஒடியும். முதலில் குழாயடியில் பிடித்து மணலைக் கழுவுங்கள், நிறைய வரும். வேர் கீழே இருக்கும்படி வைத்து ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த கட்டை மிதக்கும். வேரில் நூல் கட்டி ஒரு கூழாங்கல்லைத் தொங்கவிட்டால் நிற்கும். வெதுவெதுப்பான நீரில் அரை மணிக்குள் அசைவு தெரியும், முழுதாக விரியச் சில மணி நேரம் பிடிக்கும். பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு. கொதிக்கும் நீர் வேகம் தரும், ஆனால் பழைய உருண்டைகளில் காய்கள் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். விரலால் கிளையைப் பிரித்து அவசரப்படுத்த வேண்டாம், பாதி நனைந்த கிளைதான் முதலில் ஒடியும். தண்ணீர் தேயிலைச் சாயம் போலப் பழுப்பாகும், அது கெட்டதற்கு அடையாளம் இல்லை. தண்ணீரில் வைத்திருப்பது 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ‘அழகாக இருக்கிறதே’ என்று வரவேற்பறை மேசையில் ஒரு வாரம் வைத்தால் பூசணம் மட்டும் வருவதில்லை. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய அதே ஒரு வாரம்தான் எடுத்துக்கொள்கிறது. தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரி கதவைத் தட்டும்போது, இது மர்யம் பூ என்று சொன்னால் அபராதம் குறையாது.

இப்போது மூடவைப்பது. எடுத்ததும் வேரைப் பிடித்துத் தலைகீழாக நாலு உதறு உதறுங்கள், கிளைக் கவட்டில் தேங்கும் தண்ணீர்தான் பூசணத்தின் முதல் வீடு. தலைகீழாகவே ஒரு கயிற்றில் தொங்கவிட்டு மேசை விசிறியை ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். சமையலறையிலும் துணி காயும் கம்பத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம், அங்கே காற்றே ஈரம். விசிறியில் ஒரு நாள் இருந்தால் கிளை பாதி மடங்கும். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் காய்ந்துவிட்டது என்று நினைத்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். மழை இல்லாத நாளில்கூட நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் பிற்பகலில் 60 விழுக்காட்டுப் பக்கம் இறங்கிவிட்டு இரவில் மறுபடி ஏறும், அதனால் உருண்டையும் பகலில் கொஞ்சம் மடங்கி இரவில் கொஞ்சம் தளரும். முழுசாக மூடாது. நடு மையம் ஈரமாகவே கிடக்கும்.

இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு வழி. இரவு குளிரூட்டி ஓடும் படுக்கையறையில் இரண்டு மூன்று இரவு தொங்கவிடலாம். அல்லது அடுப்புச் சூளையை (ஓவனை) அதன் குறைந்தபட்ச சூட்டில், 50 டிகிரி போதும், கதவை ஒரு கரண்டி கொடுத்துத் திறந்து வைத்து இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தலாம். கதவை அடைத்தால் வெளியேறும் ஆவி உள்ளேயே சுற்றும், வேலை நடக்காது. நுண்ணலை அடுப்பு வேண்டவே வேண்டாம். அதில் குச்சி உள்ளிருந்து கருகும். நன்றாக மூடிய பிறகு காற்றுப் புகாத ஒரு லிட்டர் டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா மணிகள் 50 கிராம் போட்டு மூடுங்கள். மணி நிறம் மாறினால் மணிகளைச் சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடலாம். புகைப்படக்காரர்கள் கேமரா வைக்கும் உலர்பெட்டி வீட்டில் இருந்தால் அதற்குள் ஒரு மூலை கேளுங்கள். இதைவிடப் பொருத்தமான இடம் சிங்கப்பூரில் இல்லை.

வெள்ளைப் பூசணம் லேசாக வந்திருந்தால் பழைய பல் துலக்கியால் வீட்டுக்கு வெளியே தேய்த்து, 70 விழுக்காட்டு ஆல்கஹால் தெளித்து, மறுபடி உலர்த்தினால் பிழைக்கும். கறுப்புப் பூசணம் என்றால், அல்லது கிளையை வளைத்ததும் சத்தமில்லாமல் ஈரக் காகிதம் போலப் பிய்ந்தால், தூக்கிப் போடுங்கள்.

அந்தத் தண்ணீரைக் குடிப்பது பற்றிச் சொல்லாமல் நழுவ முடியாது. பிரசவ வலி சுலபமாகும் என்று ஊறிய தண்ணீரைக் கொடுக்கும் வழக்கம் மலாய், அரபு, இந்திய வீடுகளில் உண்டு. முஷ்டி விரிவதுபோல உடம்பும் திறக்கட்டும் என்ற பிரார்த்தனை அதில் இருக்கிறது. கிண்ணத்தை அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் எந்தக் கெடுதலும் இல்லை, சின்ன நிம்மதியும் கிடைக்கலாம். குடிப்பது வேறு விஷயம். ஒரு உருண்டைக்கும் இன்னொன்றுக்கும் சத்தின் அளவு மாறும், எவ்வளவு குடித்தால் எவ்வளவு உடம்பில் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கர்ப்பகாலத்தில் இது பாதுகாப்பானது என்று நிறுவப்படவில்லை. மருத்துவமனையில் கருப்பையைச் சுருங்கவைக்கும் மருந்து ஏறும்போது, வீட்டிலிருந்து என்ன குடித்துவிட்டு வந்தோம் என்பது மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். பாலை மணலும் கடைத் தூசியும் பழைய பூசணமும் அதே தண்ணீரில்தான் இறங்குகின்றன. மாமியார் மனம் நோகுமே என்றால், தண்ணீரைப் பூந்தொட்டிக்கு ஊற்றிவிட்டுச் சிரித்துக்கொள்ளலாம்.

முளைக்கவைக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும், வளர்ப்பதுதான் பாடு. சாக்கடல் ஓரத்தில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 100 மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. நமக்கு ஆண்டுக்கு 2,100க்கு மேல். வறட்சியைத் தாங்கும் செடியை இங்கே கொல்வது தாகமல்ல, குளியல்.

விரித்த உருண்டையின் காய்களை நகத்தால் பிளந்து விதை எடுங்கள். இருபது விதையாவது போடுங்கள், பழையது பல முளைக்காது. வெளிநாட்டிலிருந்து தனியாக விதை வரவழைப்பதாக இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி விதிகளை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 15 சென்டிமீட்டர் மண்தொட்டி, பிளாஸ்டிக் வேண்டாம். பியூமிஸ் எனும் நுரைக்கல் இரண்டு பங்கு, கரடுமுரடான மணல் ஒரு பங்கு, நாற்றங்காலில் கிடைக்கும் சுட்ட மண் ஒரு பங்கு. தொழு உரம் கைப்பிடிக்கு மேல் போனால் இலை கொழுக்கும், தண்டு சாயும். மண்ணை முழுக்க நனைத்து, விதையை மேலே வைத்து விரலால் அழுத்துங்கள், மூடாதீர்கள்; பசை பிடித்துக்கொள்ளும். நல்ல விதை ஒன்றிரண்டு நாளில் முளைக்கும்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்றின் மழைப் பகுதி டிசம்பர், ஜனவரியோடு ஓய்ந்து, பிப்ரவரியில் வறண்ட பகுதி வரும். அதுதான் விதைக்கும் நேரம். மழைச்சாரல் படாத, காலை வெயில் வரும் தாழ்வாரம் நல்லது. அடுக்குமாடி வீட்டின் பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழிவிட்டே தொட்டி வைக்க வேண்டும், சுவர் விளிம்பில் வைக்கவே கூடாது. அதைவிட உத்தமம், குளிரூட்டி ஓடும் அறையில் எல்இடி வளர்விளக்கை 25 சென்டிமீட்டர் மேலே மாட்டி, நாளுக்கு 14 மணி நேரம் எரியவிடுவது.

முதல் எதிரி நாற்றழுகல். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக மெலிந்து, காலையில் நின்ற நாற்று மாலையில் படுத்துவிடும். மேலிருந்து தெளிப்பதே காரணம். மேல்மண் 2 சென்டிமீட்டர் காய்ந்த பிறகு தொட்டியைப் பத்து நிமிடம் தண்ணீர்த் தட்டில் வைத்து எடுங்கள், தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். இலையின் நட்சத்திர மயிரில் தண்ணீர் நின்றால் கறுப்புப் புள்ளி விழும், அதனால் சின்ன விசிறி எப்போதும் ஓடட்டும். இரண்டாம் எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. பக்கத்து வீட்டில் கைலான் வளர்த்தால் அது நிச்சயம் இருக்கும். கடுகுக் குடும்பத்துக் காரத்தை மோப்பம் பிடித்து வந்து முட்டை வைக்கும். பச்சைப் புழு இலையின் அடியைச் சுரண்டி, மேல்தோலைக் கண்ணாடிச் சன்னல் போல விட்டுவைக்கும். அந்தச் சன்னலைப் பார்த்ததும் இலையைத் திருப்பிப் புழுவை நசுக்குங்கள், மெல்லிய வலை போட்டுவிடுங்கள்.

பூத்துக் காய் பிடித்ததும் தண்ணீரைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பச்சைக் காயிலேயே நிறுத்தினால் கிளை முற்றாமல் காய்ந்து, தொட்டால் பொடியும், மூடாது. காய் பழுப்பாகிக் காதுகள் விறைத்த பிறகு ஒரு சொட்டும் கூடாது. அந்த நேரத்தில் செடியைத் தாழ்வாரத்தில் விட்டால் உலர்வதற்குப் பதில் அழுகும். தொட்டியோடு குளிரூட்டி அறைக்கு, அங்கிருந்து வேரோடு பிடுங்கி உலர்பெட்டிக்கு. நம் கையில் வளர்ந்தது பெரும்பாலும் நெல்லிக்காய் அளவு உருண்டையாகத்தான் வரும். கடைச் சரக்கின் பக்கத்தில் வைத்தால் பொம்மை போல இருக்கும். ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான நீரே அதற்குப் போதும், கண்ணெதிரிலேயே விரியும்.